கார்ல் ரென்னர் சரிதம்

பல மொழியாரும் பல இனத்தாரும் கலந்து வாழும் தேசத்திற் சிறுபான்மையோர்க்கு ஆட்சியில் உரிய இடம் யாது என்னும் வினா மிகப் பழையது. நிலத்தைக் கூறுசெய்து இனத்திற்கொரு பங்கு கொடுத்துவிடலாமென்பார் பலர். ஒரே தெருவில் எதிரெதிர் வீட்டில் இருப்போரை எக்கோடு கிழித்துப் பிரிப்பது? இதற்குப் புதியதோர் விடை கூறியவர் ஆஸ்திரியா தேசத்துக் கார்ல் ரென்னர் என்பார். இருமுறை அத்தேசத்து அரசாங்கத்திற்குத் தலைமை தாங்கிப் பின் குடியரசுத் தலைவருமாய் விளங்கிய அப்பெரியாரது சரிதத்தை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

இவர் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 14-ஆம் நாள், மொராவியா நாட்டின் தென்கோடியில் உண்டர்தன்னோவிட்சு என்னும் சிற்றூரில், திராட்சை பயிரிடும் ஏழை ஜெர்மானியக் குடும்பத்தில், பிள்ளைகள் மிகப் பலருள் ஒருவராய்த் தோன்றினார். குடும்பம் கடனால் நொடிந்தது. எனினும் கல்வியைக் கைவிடாது, வியன்னாச் சர்வகலாசாலையிற் சட்டம் பயின்று, பார்லிமெண்டு நூல்நிலையத்தில் உத்தியோகம் பெற்றார்.

அக்காலத்து ஆஸ்திரியாவின் நிலையை அறிந்தாலன்றி இவர் கருத்து விளங்காது. 1910-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அங்கு வாழ்ந்தோர் ஏறக்குறைய 2 கோடியே 85 இலட்சம். அவருள் ஜெர்மன் பேசுவோர் ஒரு கோடிக்குச் சற்றே குறைவு, செக் மொழியார் 64 இலட்சம், போலந்தியர் 50 இலட்சம் வரை, பிறரும் பலர். எவ்வினத்தாரும் தனித்துப் பாதியாகார். 1897-ஆம் ஆண்டில் முதன்மந்திரி பாதேனி என்பார், பொஹீமியாவிலும் மொராவியாவிலும் உத்தியோகஸ்தர் ஜெர்மன், செக் என்னும் இருமொழியும் அறிதல் வேண்டுமென ஆணை பிறப்பித்தார். கற்ற செக்கர் பெரும்பாலும் ஜெர்மன் அறிந்தவர். ஜெர்மானியருள் செக் அறிந்தார் மிகச் சிலரே. ஆதலின் பார்லிமெண்டில் கலகம் மூண்டது, போலீசார் சபைக்குட் புகுந்தனர், மந்திரி பதவியிழந்தார். அச்சபையின் நூல்நிலையத்திற் பணிபுரிந்த ரென்னருக்கு அது நூலில் மட்டும் படித்தறிந்த செய்தியன்று.

1899-ஆம் ஆண்டில், உத்தியோகஸ்தராதலின் தம் பெயரை மறைத்து, சினோப்டிகஸ் என்னும் புனைபெயரில் அரசும் இனமும் பற்றியதோர் சிறு நூல் வெளியிட்டார். 1902-ல் வேறு புனைபெயரில் அதனை விரித்துரைத்தார். அவர் கொள்கையின் உயிர்நிலை இதுவே: இனமென்பது நிலத்தைச் சார்ந்ததன்று, ஆளைச் சார்ந்தது. முற்காலத்து ஐரோப்பாவில் மன்னனது மதமே அவன் நாட்டார்க்கும் மதமாயிருந்தது. அதனால் நேர்ந்த போர்கள் அளவில. பின்னர் மதம் அவரவர் மனத்திற்குரியதாயிற்று. பல மதத்தாரும் ஒரே ஊரில் வாழ, அவரவர் ஆலயத்தை அவரவரே நடத்திக்கொண்டனர். மொழியினத்திற்கும் அம்முறையே தகுமென்றார் ரென்னர். சாலை, வாய்க்கால், காவல் முதலியவற்றை அவ்வவ் வட்டாரத்து எல்லாரும் கூடி ஆளுக. கல்வி, இலக்கியம், கலை முதலியவற்றை ஒவ்வோரினத்தாரும், தேசத்தில் எங்கே சிதறியிருப்பினும், ஒரு பதிவேட்டிற் சேர்ந்து, தம் சபையைத் தாமே தெரிந்தெடுத்து, தம்மவர்மீது தாமே வரிவிதித்து நடத்துக. பல ஊர்களிற் சிதறியும் ஒரு சங்கமாய்க் கூடிய நம் அன்பர்க்கு இது விளங்குதல் அரிதன்று. அப்பதிவேட்டில் ஒருவன் எவ்வினத்திற் சேர்வதென்பதை அவனே கூறவேண்டும், வேறொருவர் கூறலாகாது என்று ரென்னர் வைத்த விதியையே யாம் தலையாயதென மதிக்கின்றோம்.

இதனை மறுத்தாரும் உளர். பள்ளியாசிரியராகிய எமக்குத் தோன்றும் ஐயம் ஒன்றுண்டு. செல்வ இனத்தார் தம்முள் வரி தண்டிப் பள்ளி நடத்துவாராயின் அவர் பள்ளி மாடமாய் எழும். ஏழை இனத்தார் பள்ளி ஓலைக்கொட்டகையாய் நிற்கும். பொதுக் கருவூலத்தினின்று உதவியின்றி இம்முறை நீதியாகாது.

1905-ஆம் ஆண்டில் அவர் பிறந்த மொராவியாவிலேயே இவ்வகைப்பட்ட உடன்பாடொன்று ஏற்பட்டது. அது ரென்னர் செய்ததன்று. அந்நாட்டுச் சட்டசபைக் கட்சியார் தம்முட் கூடிச் செய்தது. 151 இடங்களுட் செக்கருக்கு 73-ம் ஜெர்மானியருக்கு 40-ம் ஒதுக்கினர். எஞ்சியவை பெருநிலக்கிழார் முதலியோர்க்கு. வாக்காளர் இருவேறு பதிவேடுகளிற் பிரிக்கப்பட்டமையால், ஓரினத்தான் மற்றோரினத்தானைத் தேர்தலில் தோற்கடித்தல் என்பது ஒழிந்தது. ஆயினும் இரு மொழியும் வீட்டிற் பேசும் குடும்பத்தார் ஒன்றைத் தெரிந்தே தீரவேண்டியவராயினர். அவர் பிள்ளைகள் எப்பள்ளிக்குரியர் என்னும் வழக்குகளும் பெருகின.

1918-ல் பேரரசு சிதறியது. ரென்னர் புதிய ஆஸ்திரியாவின் தலைமை மந்திரியானார். 1919 செப்டம்பர் 10-ஆம் நாள் ஸான் ஜெர்மேன் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டவர் அவரே. அதனால் 30 இலட்சத்திற்கு மேற்பட்ட ஜெர்மானியர் செக்கோஸ்லோவாகியாவிற் சிறுபான்மையோராயினர். அவர் பிறந்த ஊரும் அவர் கையெழுத்தாலேயே அயல்நாடாயிற்று. அவர் கொள்கை சொந்த நாட்டில் வேரூன்றவில்லை. தொலைவிலுள்ள எஸ்தோனியாவில் தழைத்தது. அங்கு 1925-ஆம் ஆண்டுச் சட்டம், 3,000 பேருக்குக் குறையாத சிறுபான்மையினர் தம் பள்ளிகளைத் தாமே ஆள இடந்தந்தது. ஜெர்மானியரும் யூதரும் அவ்வாறே சபை கண்டு 1940 வரை நடத்தினர்.

இனிக் கூறுவது இனியதன்று. எனினும் மறைத்தல் சரிதமாகாது. 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவைக் கவர்ந்து, ஏப்ரல் 10-ல் குடிகளின் வாக்குக் கேட்டார். ரென்னர் தாம் அதற்கு உடன்பட்டு வாக்களிப்பதாகப் பத்திரிகையில் அறிவித்தார். அச்சத்தாலென்பார் சிலர், ஜெர்மானியர் ஒன்றுபடவேண்டுமென்னும் நெடுநாள் ஆசையாலென்பார் சிலர். எக்காரணமாயினும், யாம் அதனைப் பொறுக்கத்தக்கதெனக் கொள்ளோம். தன் இனம் யாதென ஒருவன் தானே கூறவேண்டுமென்றவர், பாட்டன் பாட்டி யாரென்று பார்த்து ஒருவன் இனத்தை அரசே முடிவுசெய்யும் ஆட்சிக்கன்றோ இசைந்தார்! அவ்வாட்சியில் ஆஸ்திரியா நாட்டு யூதருள் ஏறத்தாழ 65,000 பேர் கொல்லப்பட்டனர்.

1945 ஏப்ரலில் ரென்னர் மீண்டும் தற்காலிக அரசாங்கத்தின் தலைவராகி, அவ்வாண்டு டிசம்பரிற் குடியரசுத் தலைவராகத் தெரிந்தெடுக்கப்பட்டார். போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாகியாவின் ஜெர்மானியக் குடிகள் இலட்சக்கணக்காக வெளியேற்றப்பட்டனர். உண்டர்தன்னோவிட்சும் அதற்கு விலக்கன்று. அவ்வூர் இன்று தோல்னி துனயோவிட்சே என்னும் செக் பெயரால் வழங்குகின்றது. திராட்சைத் தோட்டங்கள் மட்டும் முன்போலவே உள்ளன. ரென்னர் தலைவர் பதவியிலிருக்கும்போதே, 1950 டிசம்பர் 31-ஆம் நாள், தமது எண்பதாம் வயதில் வியன்னாவிற் காலஞ்சென்றார்.