பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் எழுதிய இத்தாலிக்காரர்: வீரமாமுனிவர் தமிழ் கற்றது எப்படி?

தமிழ்ப் பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டு ஒரு வெளிநாட்டுப் பயணி திருச்சிக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்று, 'ஸ்ரீரங்கம் செல்லும் பேருந்து எப்பொழுது புறப்படும்?' என்று அவர் கேட்டால் யாருக்கும் புரியும். ஆனால் கண்டக்டர் 'இந்தா கெளம்பப் போவுது, சீக்கிரம் ஏறுங்க' என்று சொன்னால் அவர் திருதிருவென முழிப்பார். படித்த தமிழ் ஒன்று, காதில் விழும் தமிழ் வேறொன்று.

இந்தச் சிக்கலை சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்தவர் ஒருவர் உண்டு. சந்தித்ததோடு நிற்காமல், தனக்குப் பின்னால் வருபவர்கள் தடுமாறக்கூடாது என்று பேச்சு வழக்குக்கென்றே தனி இலக்கணம் எழுதினார். தேம்பாவணி பாடிய புலவராக நமக்குத் தெரிந்த வீரமாமுனிவர்தான் அவர். காவியப் புலவராக அவரைத் தெரிந்த அளவுக்கு, பேச்சுத் தமிழ் வாத்தியாராக அவரை நமக்குத் தெரியாது.

யார் இந்த வீரமாமுனிவர்?

இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1680-ம் ஆண்டு நவம்பர் 8-ம் தேதி, இத்தாலியின் மாந்துவா பகுதியில் உள்ள காஸ்திலியோனே என்ற ஊரில் பிறந்தார். 1698-ல் இயேசு சபையில் சேர்ந்து பாதிரியார் ஆனார். 1710-ல் கப்பலில் கோவா வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 30-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்து தெற்கே வந்து, மதுரை, திருச்சி, தஞ்சை வட்டாரங்களில் இயங்கிய மதுரை மிஷனில் சேர்ந்தார்.

தன் பெயரைத் தமிழாக்கி தைரியநாதர் என்று வைத்துக்கொண்டார். வீரமாமுனிவர் என்ற பெயர் பிறகு நிலைத்தது.

அவர் நீண்ட காலம் தங்கிப் பணி செய்த ஊர் ஏலாக்குறிச்சி. இன்று அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே அடைக்கல மாதா கோயிலை எழுப்பி, ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரும் சூட்டினார். ஸ்ரீரங்கத்தின் வடக்குப் பக்கமாக ஓடும் கொள்ளிடம் கிழக்கே இறங்கி வரும் பகுதியில்தான் இந்த ஊர் இருக்கிறது.

அன்றைய திருச்சியில் எத்தனை மொழி?

அவர் வந்தபோது திருச்சியைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவர் விஜயரங்க சொக்கநாத நாயக்கர் (1706-1732). ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போகிறவர்கள் அவரும் குடும்பத்தாரும் கைகூப்பி நிற்கும் ஆளுயரச் சிலைகளைப் பார்த்திருக்கலாம். மன்னரின் மொழி தெலுங்கு. ஸ்ரீரங்கத்தில் வடமொழி வேதமும் ஆழ்வார்களின் தமிழும் ஒன்றாக ஒலித்தன. கடைத்தெருவிலும் வயல்காட்டிலும் மக்களின் பேச்சுத் தமிழ்.

அந்தப் பேச்சுத் தமிழும் ஒன்றல்ல. இன்றைக்கும் ஸ்ரீரங்கத்து வைணவ வீடுகளில் ரசம் 'சாத்தமுது', பாயசம் 'திருக்கண்ணமுது'. கொள்ளிடத்தைத் தாண்டி கிழக்கே போனால் பேச்சின் தோரணையே மாறிவிடும். இப்படிப்பட்ட ஒரு வட்டாரத்தில்தான் ஓர் இத்தாலிக்காரர் தமிழ் கற்றார்.

புலவர்களிடம் முறையாகப் பாடம் கேட்டார். சுப்பிரதீபக் கவிராயர் அவருக்கு ஆசிரியராக இருந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஆனால் பாதிரியாருக்கு இலக்கியத் தமிழ் மட்டும் போதாது. சாகக்கிடக்கும் ஒரு விவசாயி கடைசியாக என்ன சொல்கிறார், பாவமன்னிப்புக்கு வந்த ஒரு பெண் எதைச் சொல்லி அழுகிறார் என்பது புரியாவிட்டால் அவர் வந்த வேலையே நடக்காது. அவர்கள் யாரும் யாப்பருங்கலக்காரிகையில் பேசமாட்டார்கள்.

இத்தாலிக்காரருக்குத் தமிழில் எது கஷ்டம்?

சில விஷயங்கள் சுலபம். இத்தாலி மொழியில் ஒற்றை எழுத்தும் இரட்டை எழுத்தும் அர்த்தத்தையே மாற்றும். அதனால் 'பலம்', 'பல்லம்' என்பது போன்ற ஒலி வித்தியாசம் அவர்கள் காதுக்குப் புதிதல்ல. இத்தாலி மொழிச் சொற்கள் பெரும்பாலும் உயிர் ஒலியில் முடியும். 'பால்' என்பதைப் 'பாலு' என்றும் 'கல்' என்பதைக் 'கல்லு' என்றும் முடிக்கும் நம் பேச்சு வழக்கு அவர்கள் நாக்குக்கு ஒத்துவரும்.

கஷ்டமானவை நிறைய.

- ழ, ள, ண போன்ற ஒலிகள் அவர்கள் மொழியில் இல்லை.

- 'எனக்கு ஒரு வீடு இருக்கு' என்று நாம் சொல்வதை இத்தாலி மொழியில் 'நான் வைத்திருக்கிறேன்' என்ற பாணியில்தான் சொல்வார்கள். வாக்கியத்தையே தலைகீழாகப் போட வேண்டும்.

- கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'நாம', விட்டுவிட்டுச் சொன்னால் 'நாங்க'. இத்தாலி மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். கோயிலுக்குக் கூப்பிடும்போது 'நாங்க போவோம்' என்று சொன்னால், எதிரில் நிற்பவர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

- நீ, நீர், நீங்கள் ஆகியவற்றில் யாரிடம் எது என்பதில் தப்பு செய்தால், இலக்கணப் பிழையோடு போகாது. அது மரியாதைப் பிரச்சினை ஆகிவிடும்.

இரண்டு தமிழ், இரண்டு இலக்கணம்

வீரமாமுனிவர் எடுத்த முடிவு தெளிவானது. எழுத்துத் தமிழையும் பொது வழக்கையும் ஒரே புத்தகத்தில் போட்டுக் குழப்பாமல், தனித்தனியாகப் பிரித்தார்.

1728-ல் கொடுந்தமிழ் இலக்கணத்தை முடித்தார். 1730-ல் செந்தமிழ் இலக்கணம். இரண்டையும் லத்தீனில் எழுதினார், ஏனென்றால் படிக்கப்போவது ஐரோப்பாவிலிருந்து வரும் பாதிரியார்கள். தமிழ்ப் புலவர்களுக்காகத் தமிழிலேயே தொன்னூல் விளக்கம் எழுதினார்.

கொடுந்தமிழ் என்றால் கொடுமையான தமிழ் அல்ல. செம்மை என்பதற்கு நேர் என்றும், கொடுமை என்பதற்கு வளைவு என்றும் பழைய பொருள் உண்டு. இலக்கண நூலின் நேர்க்கோட்டிலிருந்து வளைந்து, மக்கள் வாயில் புழங்கும் தமிழ் அது. இன்றைய பேச்சை ரெக்கார்டு செய்தது போல அந்தப் புத்தகம் இருக்காது. அன்றைய மக்கள் பேசவும் கடிதம் எழுதவும் கையாண்ட பொதுவான நடையைத்தான் அது விளக்கியது.

அவருக்கு முன்னால் யாருமே முயலவில்லை என்று சொல்ல முடியாது. 16-ம் நூற்றாண்டிலேயே முத்துக்குளித்துறையில் ஹென்றி ஹென்றிக்கஸ் பாதிரியார் போர்ச்சுகீசிய மொழியில் தமிழ் இலக்கணக் குறிப்பு எழுதினார். தரங்கம்பாடியின் சீகன்பால்கு எழுதிய இலக்கணம் 1716-ல் ஜெர்மனியில் அச்சானது. ஆனால் ஒரே மொழிக்குள் இரண்டு நிலைகள் இருப்பதைக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி விதி உண்டு என்று நூல் நூலாகப் பிரித்துக் கொடுத்ததுதான் வீரமாமுனிவரின் பங்கு. மக்கள் பேசுவது தப்புத் தமிழ் அல்ல, அதற்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதே அதன் பொருள்.

எதிரணி அச்சிட்ட புத்தகம்

இங்கேதான் ஒரு திருப்பம். வீரமாமுனிவர் கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் இருந்தவர்கள் லூத்தரன் மிஷனரிகள். இரு தரப்புக்கும் ஆகவே ஆகாது. அவர்களை மறுத்து வேதவிளக்கம் போன்ற நூல்களையே வீரமாமுனிவர் எழுதியிருக்கிறார்.

ஆனால் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-ல் அச்சிட்டு வெளியிட்டது அதே தரங்கம்பாடி அச்சகம்! கொள்கையில் எதிரி என்றாலும், புதிதாக வரும் தங்கள் ஆட்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க அந்தப் புத்தகம் அவர்களுக்கும் தேவைப்பட்டது. ஒரு பாடப்புத்தகத்துக்கு இதைவிடப் பெரிய சர்டிஃபிகேட் கிடைக்காது.

சிரிக்கச் சிரிக்க ஒரு பயிற்சிப் பாடம்

இலக்கணம் படித்தால் மட்டும் பேச்சு வராது. வாக்கியங்கள் காதிலும் வாயிலும் ஓட வேண்டும். அதற்காக எளிய உரைநடையில் அவர் எழுதிய சிரிப்புக் கதைகள்தான் பரமார்த்த குருவின் கதை. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று குருவுக்கு ஐந்து சீடர்கள். ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள். அக்கரைக்குப் போன பிறகு எண்ணிப் பார்க்கிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவரை ஆறு கொண்டுபோய்விட்டது என்று கதறுவார்கள்.

தமிழ்க் குழந்தைகள் இன்றும் சிரிக்கும் இந்தக் கதைகள், தமிழ் கற்கும் வெளிநாட்டவருக்கான வாசிப்புப் பயிற்சியாகவும் உதவின. 1822-ல் பெஞ்சமின் பாபிங்டன் ஆங்கில மொழிபெயர்ப்பும் சொற்பட்டியலும் சேர்த்து லண்டனில் இதை வெளியிட்டபோதும் நோக்கம் அதேதான்.

எழுத்தில் போட்ட சுழி

பழைய ஓலைகளில் புள்ளி வைக்காமல் எழுதுவது வழக்கம். அதனால் 'கெ', 'கே' இரண்டும் ஒரே மாதிரி தெரியும். 'கொடு' என்பதா 'கோடு' என்பதா? தமிழ் தெரிந்தவருக்கு இடம் பார்த்துப் புரியும். புதிதாகக் கற்பவர் மாட்டிக்கொள்வார். எ, ஏ, ஒ, ஓ வரிசையில் நெடிலுக்குத் தனி அடையாளம் கொடுத்த மாற்றம் வீரமாமுனிவரின் பெயரில்தான் வழங்குகிறது. இன்று நாம் மொபைலில் தட்டும் 'கே'-வின் இரட்டைச் சுழிக் கொம்பு அந்த வழியில் வந்ததுதான்.

சொற்களைத் தேடவும் வழி செய்தார். 1732-ல் தொகுத்த சதுரகராதியில் சொற்களை அகர வரிசையில் அடுக்கினார். நிகண்டுகளைச் செய்யுளாக மனப்பாடம் செய்த காலத்தில் அது பெரிய மாற்றம்.

சந்தா சாகிப்பும் மூன்று மாதமும்

1736-ல் ராணி மீனாட்சியிடமிருந்து திருச்சியைச் சந்தா சாகிப் கைப்பற்றினார். ஆட்சியின் மொழி பாரசீகம் ஆனது. அவரைச் சந்தித்துப் பேசுவதற்காக வீரமாமுனிவர் மூன்றே மாதத்தில் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார் என்றும், அவரிடம் திவானாக இருந்தார் என்றும் 19-ம் நூற்றாண்டில் முத்துசாமிப் பிள்ளை எழுதிய வரலாறு சொல்கிறது. திவான் பதவியை ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. ஆனால் எதிரில் இருப்பவரின் மொழியில் பேசுகிறவர் என்ற பெயர் அவருக்கு எவ்வளவு ஆழமாக ஊன்றியிருந்தது என்பதை இந்தக் கதை காட்டுகிறது.

1741-ல் மராட்டியர்கள் திருச்சியைப் பிடித்து, சந்தா சாகிப்பைச் சிறை கொண்டுபோனார்கள். வீரமாமுனிவரின் கடைசிக் காலம் திருச்சியிலிருந்து வெகு தொலைவில் கழிந்தது. கேரளத்தின் அம்பழக்காட்டில் 1747-ம் ஆண்டு பிப்ரவரி 4-ம் தேதி அவர் காலமானார் என்பது பரவலாக ஏற்கப்படும் தகவல். இந்தியா வந்த பிறகு அவர் இத்தாலிக்குத் திரும்பவே இல்லை.

இப்போது இதைப் பேசுவது ஏன்?

1812-ல் சென்னையில் தொடங்கிய கோட்டைக் கல்லூரியில் ஆங்கிலேய அதிகாரிகள் தமிழ் படித்தபோது, அவர்களுக்குக் கைகொடுத்தவை வீரமாமுனிவரின் நூல்கள். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது.

இன்று நிலைமை தலைகீழ். திருச்சியில் காலேஜ் முடித்த பிள்ளைகள் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் தேடிப் போகிறார்கள். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியவருக்கும் இன்டர்வியூவில் வாய் வரவில்லை என்றால், பல நேரம் பிரச்சினை அறிவில் இல்லை. படித்தது புத்தக மொழி, கேட்பது பேச்சு மொழி. அதேபோல தமிழ் கற்க வரும் வெளிநாட்டவரும், வெளிநாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளும் எழுத்துத் தமிழ் மட்டும் படித்துவிட்டு, பாட்டியிடம் போனில் பேசத் திணறுகிறார்கள்.

வீரமாமுனிவரின் வாழ்க்கை காட்டும் வழி எளியது. இரண்டையும் கற்க வேண்டும், ஒன்றை இன்னொன்றின் விதியால் அளக்கக்கூடாது. 3,615 பாடல்களில் காவியம் பாடிய அதே மனிதர், சாதாரண மக்கள் பேசும் தமிழ் தன் உழைப்புக்குத் தகுதியானதல்ல என்று நினைக்கவில்லை.