போத்தனூர்த் தாயின் மைந்தர்

ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்தில் கேரள இரயிலேறினால், கோவையை அடுத்துப் போத்தனூர் வரும். இரயில்வே பொறியாளர் ஸ்டோனியின் மகள் சாரா 1881-ல் அங்கே பிறந்தார். அவர் மகன்தான் கணிப்பொறி மேதை ஆலன் டியூரிங்.

தந்தை சென்னை மாகாண ஐ.சி.எஸ். அதிகாரி. 1912-ல் இலண்டனில் பிறந்த குழந்தையை இங்கிலாந்திலேயே பிறர் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் இங்கே வந்தனர். விடுதியில் வாடும் நம்மவர்க்கு அத்தனிமை புரியும்.

1939-ல் போர் மூண்டதும், ஜெர்மானியரின் எனிக்மா சங்கேதத்தை உடைக்கும் பணியில் அமர்ந்தார். அந்தப் பொறியில் எந்த எழுத்தும் மீண்டும் அதே எழுத்தாக வராது. ஜெர்மானியரோ வானிலைச் செய்தியை நாள்தோறும் ஏறக்குறைய ஒரே வாசகத்தில் அனுப்பினர். இவ்விரண்டையும் பற்றிக்கொண்டு, போலந்து அறிஞர்கள் காட்டிய வழியில், சாவி தேடும் பொறியொன்றை டியூரிங் வடிவமைத்தார். பூட்டு வலியதுதான், பூட்டியவர் பழக்கமே காட்டிக்கொடுத்தது! கணிப்பொறிப் பாதுகாப்புப் பயில்வோர் மறக்கலாகாத இடம் இது.

1952-ல் அவர் வீட்டில் திருட்டு. விரல்ரேகையால் திருடனைக் கண்ட காவலர், டியூரிங் ஓர் ஆடவரிடம் கொண்ட உறவை அறிந்து, புகார் கொடுத்தவரையே குற்றவாளியாக்கினர். இரகசியப் பணிக்கான அனுமதியும் பறிபோயிற்று. போர்க்காலத் தொண்டை வெளியே சொல்லவும் வழியில்லை. 1954 ஜூன் 7-ல், 41-ஆம் வயதில், சயனைடு நஞ்சால் மறைந்தார்.

தற்கொலை என்றது விசாரணை. தாய் அதை ஏற்கவேயில்லை. 1959-ல் மகனின் வரலாற்றைத் தாமே எழுதி வெளியிட்டார். பிரிட்டிஷ் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2009-ல்.