கண் இழந்த குரு

பஞ்சாபில் கர்த்தார்பூர் அருகே 1778-ம் ஆண்டில் பிறந்தவர் விரஜானந்தர். ஐந்து வயதில் பெரியம்மை கண்டது. பார்வை போயிற்று. சில ஆண்டுகளில் பெற்றோரும் இறந்தனர். அண்ணன் வீட்டில் ஏச்சும் பேச்சும் தாங்காமல் சிறுவன் வெளியேறினான்.

ரிஷிகேசம் சென்றான். கண் தெரியாத பிள்ளை எப்படித்தான் போய்ச் சேர்ந்தானோ! கங்கை நீரில் நின்று மணிக்கணக்காகக் காயத்திரி மந்திரம் ஜெபித்தான். ஏட்டைப் பார்த்துப் படிக்க வழி ஏது? பிறர் ஓதக் கேட்டுக் கேட்டே எல்லாவற்றையும் நெஞ்சில் பதித்துக்கொண்டான்.

துறவியானபின், அல்வார் மன்னர் வினய் சிங் அவரிடம் சமஸ்கிருதம் கற்க விரும்பினார். நாள் தவறாமல் பாடத்துக்கு வரவேண்டும் என்பது நிபந்தனை. ஒருநாள் மன்னர் வரவில்லை. குரு ஊரை விட்டே புறப்பட்டுவிட்டார்!

பிறகு மதுராவில் பள்ளி நடத்தினார். 1860-ல் ஓர் இளந்துறவி வந்து கதவைத் தட்டினார். அவர்தான் தயானந்த சரஸ்வதி. பிற்காலத்தார் எழுதிய இலக்கண நூல்களைத் தூக்கி எறிந்துவிட்டு வரும்படி குரு கட்டளையிட்டார். பாணினி இலக்கணத்திலிருந்து பாடம் தொடங்கியது. மாணவர் யமுனையிலிருந்து குடம் குடமாக நீர் சுமந்தார். கோபம் வந்தால் தடியடியும் உண்டு. அப்படி விழுந்த ஓர் அடியின் தழும்பு தயானந்தர் உடம்பில் கடைசிவரை இருந்ததாம்.

விடைபெறும்போது தயானந்தர் கொண்டுவந்த காணிக்கை கொஞ்சம் கிராம்பு. குருவுக்கு அது பிரியம். ஆனால் அவர் கேட்டது வேறு. வேதத்தைப் பரப்ப வாழ்நாளையே தரவேண்டும் என்றார். மாணவர் இசைந்தார்.

1868-ல் விரஜானந்தர் மறைந்தார். ஏழாண்டு கழித்து, பம்பாயில் தயானந்தர் ஆரிய சமாஜத்தைத் தொடங்கினார்.