கணக்குக் கேட்ட ஆசிரியை

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. (கணிதம்)

வாளெடுத்து வென்ற பெண்களை வரலாறு போற்றுகிறது. எழுதுகோலெடுத்து வென்ற பெண்களையும் போற்றுகிறது. கணக்கேட்டைப் புரட்டி வென்ற ஒரு பெண்மணியும் உண்டு. அவர்தாம் அமெரிக்க நாட்டின் சிகாகோ நகர ஆசிரியை மார்கரெட் ஹேலி அம்மையார். கணிதம் பயிலும் மாணவி என்ற முறையில் அவருடைய வாழ்க்கையை இங்கே எழுத விரும்பினேன்.

இல்லினாய்ஸ் மாநிலத்தில் ஜோலியட் என்னும் ஊரில், ஐரிஷ் வழிவந்த ஒரு குடும்பத்தில் 1861 நவம்பர் 15 அன்று ஹேலி பிறந்தார். தந்தையின் தொழில் நொடித்தது. பதினாறு வயதிலேயே கிராமப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாகச் சேர்ந்தார். பின்னர் சிகாகோவுக்கு வந்து, இறைச்சித் தொழிற்சாலைகள் சூழ்ந்த தொழிலாளர் பகுதியில் பல ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஒரே வகுப்பில் ஐம்பது, அறுபது பிள்ளைகள். அவர்களுள் பலர் பிற நாடுகளிலிருந்து குடியேறிய ஏழைகளின் மக்கள்.

அன்று தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுள் பெரும்பாலோர் பெண்கள். ஆண்டுக்கு 825 டாலர் என்ற உச்ச ஊதியம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக உயரவேயில்லை. 1895-இல் கிடைத்த ஓய்வூதியச் சட்டத்தைக் காக்கவும், ஊதிய உயர்வு கேட்கவும் 1897-இல் சிகாகோ ஆசிரியர் கூட்டமைப்பு தோன்றியது. ஹேலியும் அவருடைய தோழி கேத்தரின் காகினும் அதன் இரு கண்களாக விளங்கினர். கூட்டமைப்பின் முயற்சியால் ஊதிய உயர்வு அறிவிக்கப்பட்டது. ஆனால் அது முழுமையாகக் கைக்கு வருமுன்பே கல்வி வாரியம் கையை விரித்தது. காரணம், கருவூலத்தில் பணமில்லையாம்!

இந்த இடத்தில்தான் ஹேலி மற்றவர்களிடமிருந்து வேறுபட்டு நிற்கிறார். பணமில்லை என்றால், வர வேண்டிய பணம் எங்கே போயிற்று என்று அவர் கேட்டார். பள்ளிகள் நடப்பது வரிப்பணத்தில். ஆகவே வரி ஏடுகளைத் தேடிச் சென்றார். நகரத் தெருக்களில் டிராம் ஓட்டவும், எரிவாயுக் குழாய் பதிக்கவும், மின்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் இழுக்கவும் பெரிய நிறுவனங்கள் உரிமை பெற்றிருந்தன. கோடிக்கணக்கான டாலர் பெறுமானமுள்ள அந்த உரிமைகளுக்குச் சட்டப்படி வரி உண்டு. ஆனால் அந்த வரி விதிக்கப்படவே இல்லை. தொழிலாளியின் சிறு வீடு வரியிலிருந்து தப்பவில்லை. பெரு நிறுவனங்கள் தப்பிவிட்டன.

ஹேலி வகுப்பறையை விட்டு வெளியேறி, கூட்டமைப்பின் முழுநேர ஊழியரானார். வழக்குத் தொடுத்தார். 1901-இல் மாநில உச்ச நீதிமன்றம், நிறுவனங்களின் உரிமைகளுக்கு வரி விதிக்க வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. பின்னர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தொகை குறைக்கப்பட்டபோதிலும், கல்வி வாரியத்தின் பங்காக ஏறத்தாழ 2,50,000 டாலர் வந்து சேர்ந்தது. வாக்குரிமைகூட இல்லாத பெண்கள் பெற்ற வெற்றி இது!

பணம் வந்தும் ஆசிரியைகளுக்கு ஊதியம் வரவில்லை. நிலக்கரிக்கும் கட்டடப் பழுதுபார்ப்புக்கும் அதைச் செலவிட வாரியம் தீர்மானித்தது. மீண்டும் வழக்கு. 1904-இல் நீதிபதி எட்வர்ட் டன் ஆசிரியைகளின் பக்கமே தீர்ப்பளித்தார்.

இதற்கிடையில் 1902-இல் ஹேலி ஒரு துணிவான செயலைச் செய்தார். ஆசிரியர் கூட்டமைப்பைச் சிகாகோ தொழிலாளர் சம்மேளனத்தோடு இணைத்தார். படித்த ஆசிரியை கூலித் தொழிலாளியோடு சேர்வதா என்று பலர் முகம் சுளித்தனர். ஆனால் அந்தத் தொழிலாளர்கள்தாம் பள்ளிப் பிள்ளைகளின் தந்தையர். வாக்குச்சீட்டும் அவர்கள் கையில்தான் இருந்தது. 1904-இல் செயின்ட் லூயிஸ் நகரில் கூடிய தேசியக் கல்விச் சங்க மாநாட்டில், ஆசிரியர்கள் ஏன் ஒன்றுபட வேண்டும் என்பது பற்றி ஹேலி உரையாற்றினார். குறைந்த ஊதியம், நிலையற்ற வேலை, நெரிசல் மிகுந்த வகுப்பு ஆகியவை ஆசிரியரை மட்டுமன்றி மாணவரையும் பாதிக்கின்றன என்று எடுத்துரைத்தார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் தாயார் ஊர்ப் பள்ளியில் சத்துணவுச் சமையல் உதவியாளர். ஒருமுறை இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. தனியே போய்க் கேட்டவருக்கு, நிதி வரவில்லை என்ற பதில்தான் கிடைத்தது. சங்கத்தார் சென்று, சம்பளப் பட்டியல் எந்த மேசையில் தேங்கிக் கிடக்கிறது என்று கண்டறிந்த பிறகே பணம் வந்தது. அம்மா தம் சந்தா ரசீதுகளை இன்றும் அரிசி டின்னுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறார். ஹேலியின் வரலாற்றைப் படித்தபோது அந்த ரசீதுகளின் மதிப்பு எனக்கு விளங்கியது. தனி மனிதர் பதிலைக் கேட்டுக்கொண்டு திரும்பலாம். அந்தப் பதில் மெய்யா என்று சரிபார்க்கச் சங்கம் வேண்டும்.

வெற்றி நிலைத்ததா? 1915-இல் ஜேக்கப் லோப் என்பவரின் முயற்சியால் கல்வி வாரியம் புதிய விதி ஒன்றை வகுத்தது. தொழிலாளர் இயக்கத்தோடு இணைந்த சங்கத்தில் ஆசிரியர் உறுப்பினராக இருத்தல் கூடாது என்பதே அவ்விதி. 1916-இல் காகின் விபத்தில் மாண்டார். அதே ஆண்டில் அமெரிக்க ஆசிரியர் சம்மேளனம் பிறந்தபோது சிகாகோ கூட்டமைப்பே அதன் முதற் கிளையாயிற்று. அதே ஆண்டிலேயே வாரியம் 68 ஆசிரியர்களுக்கு மறுநியமனம் மறுத்தது. அவர்களுள் 38 பேர் கூட்டமைப்பினர். 1917-இல் உச்ச நீதிமன்றமும் வாரியத்தின் விதியை ஏற்றது.

கொள்கையா, தோழியரின் பிழைப்பா? ஹேலி பிழைப்பைக் காத்தார். பதினைந்து ஆண்டுகள் கட்டிக்காத்த தொழிலாளர் இணைப்பைத் தம் கையாலேயே அறுத்தார். இதனைத் தோல்வி என்போர் உளர். ஆனால் அதே 1917-இல் நிறைவேறிய ஓட்டிஸ் சட்டம், தகுதிகாண் காலம் முடித்த ஆசிரியருக்குப் பணிப் பாதுகாப்பு அளித்தது. காரணமின்றி ஆசிரியரை வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்திற்கு அது தடை போட்டது. பின்வாங்கிய படையும் வெறுங்கையோடு திரும்பவில்லை.

1937-இல் பல சங்கங்கள் ஒன்றாகிச் சிகாகோ ஆசிரியர் சங்கம் உருவானது. ஹேலியின் கூட்டமைப்பு அதில் சேரவில்லை. 1939 ஜனவரி 5 அன்று அம்மையார் மறைந்தார். 

நண்பர்களே! நம்மில் பலர் நாளை பி.எட். முடித்து அரசுப் பள்ளிகளில் கால் வைக்கப் போகிறோம். கரும்பலகையில் கணக்குப் போடத் தெரிந்தால் மட்டும் போதாது. பள்ளிக்கு வர வேண்டிய காசின் கணக்கையும் கேட்கத் தெரிய வேண்டும். அதைத் தனியாக அல்ல, சேர்ந்து கேட்க வேண்டும். ஹேலி அம்மையார் நமக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அதுவே.