காயம் ஆற்றும் பால்

நெகிரி செம்பிலான் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய குடும்பத்திலிருந்து வந்தவன் நான். உயிரியல் பயிலும் மாணவன் என்ற முறையில், அம்மரத்தைச் சாகடிக்காமல் வெட்டும் வழியைக் கண்ட ஹென்றி நிக்கோலஸ் ரிட்லியை இங்கு நினைவுகூர விழைகிறேன்.

1855இல் இங்கிலாந்தில் பிறந்த ரிட்லி, 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்றார். 1877இல் அங்கு வந்து சேர்ந்த ரப்பர் கன்றுகளின் வழித்தோன்றல்களே அவரது ஆய்வுக்குரிய மரங்களாயின. காப்பித் தோட்டக்காரர்களிடம் ரப்பர் விதைகளைக் கொடுத்து நடச் சொன்னார். பலர் அவரைக் கிறுக்கர் என்று எள்ளி நகையாடினர். மலாக்காவின் டான் சே யான் 1896இல் துணிந்து நட்டார். காப்பி விலை சரிந்ததும் மற்றவர்களும் பின்தொடர்ந்தனர். நெகிரி செம்பிலானிலும் காடுகள் தோட்டங்களாயின. வெட்டும் கைகள் தமிழகத்திலிருந்து வந்தன.

பிரேசில் காடுகளில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தனர். ஆழமான காயங்களால் மரம் நலிந்தது. ரிட்லியோ பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவி, அதே கோட்டை மீண்டும் மீண்டும் திறந்தார். அடுத்தடுத்த வெட்டுகளில் பால் கூடுதலாகச் சுரந்தது. பட்டைக்கு உள்ளே இருக்கும் கேம்பியம் என்னும் வளர்படலத்தில் உளி படாதவரை புதுப்பட்டை வளர்ந்தது. சில ஆண்டுகளில் அதையும் வெட்ட முடிந்தது.

இதன் உட்பொருளைப் பிற்கால அறிவியல் விளக்கியது. வெட்டுப்பட்டதும் பாலிலுள்ள லூட்டாய்டு என்னும் நுண்பைகள் வெடிக்கின்றன. அவற்றிலிருந்து வெளிவரும் ஹெவீன் என்ற புரதம் ரப்பர்த் துகள்களை ஒன்றுதிரட்டிக் குழாய்வாயை அடைக்கிறது. அதே புரதம் பூஞ்சைக் கிருமிகளையும் தடுக்கிறது. நம் உடலிலும் அப்படித்தான்: தட்டணுக்களும் ஃபைப்ரின் இழைகளும் இரத்தத்தை உறைய வைக்கின்றன, வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்குவதோடு உறைதலையும் தூண்டுகின்றன, பின்னர் திசு புதுப்பிக்கப்படுகிறது. அடைப்பதும் காப்பதும் ஆற்றுவதும் தனித்தனி வேலைகள் அல்ல. மரமும் மனிதனும் வெவ்வேறு வழிகளில் ஒரே தேவையை நிறைவேற்றிக்கொண்டுள்ளனர் எனலாம்.

ஓய்வுக்குப் பின் மலாயாத் தாவரங்களைப் பற்றி ஐந்து தொகுதிகள் எழுதிய ரிட்லி, 1956இல் தம் நூறாவது வயதில் மறைந்தார்.

அவர் வகுத்த முறை நிலைத்ததற்கு நம்மவர் கைகளும் காரணம். விடியுமுன் விளக்கு வெளிச்சத்தில், மரத்துக்குக் காயம் படாமல் பட்டையைச் சீவியவர்கள் நம் பாட்டிகளும் அம்மாக்களும். காயம் பட்டால் கங்காணியின் ஏச்சு. தவறாமல் வெட்டினாலோ பாராட்டு அரிது. ரிட்லியின் பெயர் நூல்களில் இருக்கிறது. அவர்களின் பெயர்களை எழுதிவைக்க வேண்டியவர்கள் நாமே, நண்பர்களே.