முள் குத்திக் கண்டுபிடித்தவர்

இலியா மெச்னிகாஃப் 1845இல் இன்றைய உக்ரைனில் பிறந்தவர். 1882இல் இத்தாலியின் மெசினா நகரில் இருந்தபோது, ஒருநாள் வீட்டார் சர்க்கஸுக்குப் போய்விட்டார்கள். இவரோ பளிங்கு போன்ற குட்டி நட்சத்திர மீன்களின் உடலில் ரோஜா முள்ளைச் செருகினார். இரவெல்லாம் தூக்கமே வரவில்லை. விடிந்ததும் பார்த்தால், முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்திருந்தன!

பிறகு, நம்மூர்க் குளங்களிலும் வாழும் டாஃப்னியா என்ற கடுகளவு உயிரியை ஆராய்ந்தார். உள்ளே நுழைந்த பூஞ்சை வித்துகளை அதன் அணுக்கள் விழுங்கின. அவை தோற்றால் அந்த உயிரி செத்தது.

நம் ரத்த வெள்ளையணுக்களும் இப்படித்தான். சில குழந்தைகளுக்கு மட்டும், பிறவி மரபணுக் குறையால், விழுங்கிய பூஞ்சையை அவை கொல்வதில்லை. காற்றில் மிதக்கும் சாதாரணப் பூஞ்சைகூட அவர்கள் நுரையீரலைத் தாக்கிவிடும். தினமும் மருந்து வேண்டும்.

1908இல் நோபல் பரிசு பெற்ற மெச்னிகாஃப், 1916இல் பாரிஸில் காலமானார். டாஃப்னியாவைத் தாக்கிய பூஞ்சைக்கு இன்று இவர் பெயர்தான்!