சர்க்கரையில் கோவில் கட்டிய பையன்

கலியாண விருந்து. மேஜை நடுவே கேக் நிற்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக 3 அடுக்கு, 4 அடுக்கு. மேலே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பல வண்ணச் சர்க்கரை மாவுப் போர்வை. அதற்குப் பாண்டண்ட் என்று பெயர். பூவும் இலையும்கூடச் சர்க்கரைதான்!

இப்படி அடுக்கடுக்காகச் சர்க்கரையில் ஜோடிக்கும் கலையில் பெரும் புகழ் பெற்றவர் ஒருவர் பாரீஸ் நகரில் இருந்தார். அவர் பெயர் அந்துவான் கரேம். அவர் அரண்மனையில் பிறந்தவர் அல்ல. நடுத்தெருவில் விடப்பட்டவர்.

தகப்பன் கைவிட்டான்

கரேமின் தகப்பன் கூலிக்காரன். வீடு நிறையக் குழந்தைகள். அப்போது பிரான்சில் புரட்சி நடந்துகொண்டிருந்தது. எங்கும் பஞ்சம், பயம். ஒருநாள் தகப்பன் அவனைத் தெருவில் விட்டுவிட்டுப் போய்விட்டான். பையனுக்குச் சுமார் 10 வயது.

ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் அவனைச் சேர்த்துக்கொண்டார். எடுபிடி வேலை. சம்பளம் கிடையாது. சோறும் படுக்க இடமும்தான் கூலி.

1798 வாக்கில் பாயி என்ற பலகாரக் கடைக்காரரிடம் அவன் வேலைக்குச் சேர்ந்தான். அதுதான் அவன் வாழ்வில் திருப்பம்.

பாயி நல்ல மனிதர். வாரத்தில் 2 நாள் வேலையிலிருந்து சிறிது நேரம் அவனுக்கு விடுதலை கொடுத்தார். அவன் ஓடிய இடம் எது தெரியுமா? தேசிய நூல் நிலையம்! அங்கே கட்டிடப் படங்கள் ஏராளமாக இருந்தன. எகிப்து, கிரீஸ், சீனா, இந்தியா முதலிய நாடுகளின் கட்டிடங்களை அவன் படங்களிலேயே கண்டான். பள்ளிப் படிப்பு இல்லாதவன் அவன். தட்டுத் தடுமாறிப் படித்தான். படங்களைத் தாளில் வரைந்துகொண்டான். கடைக்குத் திரும்பியதும் அவற்றையே சர்க்கரையில் கட்டினான்.

எப்படிக் கட்டினார்?

சர்க்கரையை மைபோலப் பொடி செய்ய வேண்டும். ஒரு முட்செடியின் பிசினைத் தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டி, அதில் பொடியைப் போட்டுப் பிசைய வேண்டும். சப்பாத்தி மாவுபோல வரும். இதைத் தேய்த்து, தூண், கதவு, கூரை என்று துண்டு துண்டாக வெட்டிக் காயவைத்தால் பீங்கான் போல இறுகிவிடும். பிறகு அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும். இன்றைய பாண்டண்ட் மெத்தென்று இருக்கும். இது கல். கண்ணுக்குத்தான் விருந்து, பல்லுக்கு அல்ல!

அந்தக் காலத்தில் பச்சைக்குக் கீரைச் சாறு, மஞ்சளுக்குக் குங்குமப்பூ, சிவப்புக்கு ஒருவகைப் பூச்சியை அரைத்தெடுத்த சாயம். ஈரக்காற்று பட்டால் போச்சு. சர்க்கரை இளகும், கோபுரம் சாயும்.

கரேம் பிறகு சொந்தக் கடை வைத்தார். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் சீன மண்டபமும் இடிந்த கிரேக்கக் கோவிலும் நிற்கும். தெருவில் போவோர் நின்று பார்ப்பார்கள்.

மன்னர்கள் அழைத்தனர்

பிரெஞ்சு மந்திரி தாலிராண் அவரை ஆதரித்தார். 1810-ல் நெப்போலியன் சக்கரவர்த்தி இரண்டாவது மனைவியை மணந்தபோது கரேமின் பலகாரம் விருந்தில் இடம் பெற்றது. 1814-ல் பாரீஸ் வந்த ரஷ்யச் சக்கரவர்த்தி அலெக்சாந்தருக்குச் சமைத்தார். 1816-ல் இங்கிலாந்து இளவரசர் அழைத்துக்கொண்டார். 1817 ஜனவரியில் அவர் பிரைட்டன் அரண்மனையில் அளித்த விருந்தில் 100-க்கும் மேற்பட்ட பதார்த்தங்கள்! ஆனாலும் அந்த ஊர் கரேமுக்குப் பிடிக்கவில்லை. பாரீசுக்கே திரும்பினார். பிற்காலத்தில் ராத்சைல்டு என்ற பெரும் செல்வர் வீட்டில் வேலை பார்த்தார்.

அவர் மனத்தில் ஒரு குறை. சர்க்கரைக் கோபுரம் எத்தனை நாளைக்கு? அதனால் 1815-லேயே தம் கோபுரங்களின் படங்களைப் புத்தகமாக வெளியிட்டார். 1821-ல் இன்னும் ஒரு படி போனார். கல்லில் கட்டுவதற்கென்றே கட்டிடப் படங்கள் வரைந்து அச்சிட்டார்! சமையற்காரர் கட்டிடப் படம் போடுவதா என்று சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர் சளைக்கவில்லை.

கரிப்புகை

அக்காலச் சமையலறையில் கரி அடுப்பு. கதவும் ஜன்னலும் மூடிக் கிடக்கும். காற்று பட்டால் பண்டம் ஆறிவிடுமே! அந்தப் புகையிலேயே கரேம் பல ஆண்டுகள் நின்றார். அது தம்மைக் கொல்கிறது என்று அவருக்குத் தெரியும். வேலையை விடவில்லை.

உடல் தளர்ந்தது. பேனா பிடிக்க முடியவில்லை. மகளை அருகில் உட்காரவைத்து, தாம் சொல்லச் சொல்ல எழுதச் செய்தார். 1833 ஜனவரி 12-ந் தேதி பாரீசில் காலமானார். அப்போது அவருக்கு 50 வயதுகூட ஆகவில்லை. மோன்மார்த்ர் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

பிரெஞ்சுச் சமையலைப் பற்றி அவர் எழுதிய பெரிய நூலில் 3 பாகங்களே முடிந்திருந்தன. மீதி 2 பாகங்களை ப்ளூமரே என்ற மற்றொரு சமையற்காரர் எழுதி முடித்தார்.